சீராக வந்த ஜெனரேட்டர்

பரிபூரணத்தின் சீர்வரிசை வேனில் வந்து இறங்கியபோது தெருவே வாசலுக்கு வந்து நின்றது. கட்டிலும் பீரோவும் பித்தளை அண்டாவும் எந்தக் கல்யாணத்தில்தான் வரவில்லை? அதையெல்லாம் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் ஜெனரேட்டர் மேல்தான். சிவப்புப் பெயிண்டும் மேலே ஒரு கைப்பிடியுமாக இருந்த அதற்கு யாரோ குங்குமம் வேறு வைத்திருந்தார்கள். எண்பத்தொன்பதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண மண்டபத்துக்கு ஜெனரேட்டர் உண்டு, பெரிய கடைகளுக்கு உண்டு. வீட்டுக்கு ஜெனரேட்டர் என்றால் அது பெரிய இடம். மாமியார்க்காரி சண்முகத்தாய் அன்றைக்குப் பெரிய இடமாகிவிட்டாள்.

கேட்டு வாங்கியதும் அவள்தான். மகன் வைகுண்டராஜுக்கு பஜாரில் எவர்சில்வர் பாத்திரக்கடை. வீட்டில் டிவி இருந்தது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் பார்க்க அக்கம்பக்கம் எல்லாம் வந்து கூடத்தில் உட்காரும். படத்தில் கதாநாயகி அழ ஆரம்பிக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடும். வந்தவர்கள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து போவது சண்முகத்தாய்க்குத் தன்னை மதிக்காமல் போவதுபோல் இருந்தது. நகை விஷயத்தில்கூட விட்டுக்கொடுத்தவள் ஜெனரேட்டரில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

பெண்ணைக் கொடுத்த தவசிமுத்து ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் பிட்டர். சம்சாரம் காலமான பிறகு பரிபூரணத்தையும் இளையவள் தங்கக்கனியையும் தனி ஆளாக வளர்த்தவர். அவர் வீட்டில் கரண்ட் போனால் அரிக்கேன் விளக்குத்தான். ஆனாலும் மூத்தவள் போகிற இடத்தில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று மதுரைக்குப் போய் அந்த மெஷினை வாங்கி வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அதை வாசலில் வைத்து ஓட்டிக் காட்டி மகளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். மாப்பிள்ளை கடைக்குப் போய்விடுவார், வீட்டில் இருப்பவளுக்குத்தான் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்த மெஷினுக்கு இரண்டு டேங்க். சின்னதில் பெட்ரோல், பெரியதில் சீமெண்ணெய். லிவரைப் பெட்ரோல் பக்கம் வைத்துக் கயிற்றை இழுத்தால் கிளம்பும். சூடு ஏறியதும் லிவரைச் சீமெண்ணெய் பக்கம் தள்ளிவிட்டால், அப்புறம் விலை மலிந்த சீமெண்ணெயிலேயே ஓடும். நிப்பாட்டுவதில்தான் சூட்சுமம். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் செத்த நேரம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற சின்னக் கிண்ணத்தில் சீமெண்ணெய் தேங்கிவிடும். மறுநாள் குளிர்ந்து கிடக்கிற மெஷின் சீமெண்ணெயில் கிளம்பாது, குட்டிக்கரணம் போட்டாலும் கிளம்பாது. புகை ஆளைக் கொன்றுவிடும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று அவரே வந்து கொல்லையில் கிணற்றடிப் பக்கம் தகரம் போட்டுக்கொடுத்தார். மெயினுக்குப் பக்கத்தில் கரண்டை மாற்றுகிற சுவிட்சையும் மாட்டினார். இரண்டு லைட்டு, இரண்டு ஃபேன், டிவி. பிரிட்ஜை மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணமான ஆறேழு மாதத்தில் சண்டை வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. சம்பந்தி வீட்டுச் சண்டைக்குப் பெரிய காரணமா வேண்டும்? தவசிமுத்துவின் தம்பி மகனுக்குக் காதுகுத்து. மில்லில் லீவு கிடைக்காமல் அவர் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார். வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்க வேண்டிய சம்பந்தியைத் தபால்காரன் அழைத்துவிட்டுப் போனான் என்று சண்முகத்தாய் கொதித்தாள். இனி இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது, இவள் அங்கே போகவும் கூடாது, அவர்கள் இங்கே வரவும் கூடாது என்று சொல்லிவிட்டாள். வைகுண்டராஜ் நல்லவன்தான். அம்மா பேசும்போது கடைச் சாவியைத் தேடுகிற நல்லவன்.

ராஜபாளையம் ஒன்றும் சீமையில் இல்லை. டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். அந்த பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்புவது பரிபூரணத்துக்கு அடுக்களையில் கேட்கும். பிள்ளை உண்டாகியிருந்தால் பிரசவத்துக்காவது அனுப்பியிருப்பார்கள். அதுவும் இன்னும் அமையவில்லை. அப்பாவைப் பார்க்காமல் மாதங்கள் போயின. ராத்திரிச் சோற்றுக்கு அவர் என்ன செய்கிறார், தங்கச்சி ஒழுங்காகப் பொங்கிப் போடுகிறாளா என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஜெனரேட்டர் மக்கர் செய்தது. செய்தவள் சண்முகத்தாய். பரிபூரணம் குளிக்கப் போயிருந்த நேரத்தில் கரண்ட் வந்துவிட, எண்ணெய் வீணாகிறதே என்று இவள் போய்ப் பட்டென்று சுவிட்சை அமர்த்திவிட்டாள். சீமெண்ணெயில் ஓடிய மெஷின் சீமெண்ணெயிலேயே நின்றது. மறுநாள் கிளம்பவில்லை. மாரிசாமி என்று பக்கத்துத் தெருவில் ஒரு மெக்கானிக் உண்டு, அவனைக் கூப்பிடலாமா என்று வைகுண்டராஜ் கேட்டான். அதெப்படி, சீராகக் கொடுத்த பொருள் கெட்டால் கொடுத்தவர்தான் வந்து சரி பண்ண வேண்டும், அதற்கு நாம் ஏன் வெளி ஆளுக்கு அழ வேண்டும் என்றாள் சண்முகத்தாய். கடையிலிருந்து மில்லுக்குப் போன் போனது.

தவசிமுத்து வார லீவு அன்று ரெக்சின் பையோடு வந்தார். சம்பந்தியை ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டுக் கும்பிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லையைக் காட்டினாள். மெஷின் பக்கத்தில் குத்தவைத்து லிவரைப் பார்த்தார், கிண்ணத்தைக் கழற்றி மோந்து பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. யாரோ சீமெண்ணெயிலேயே நிப்பாட்டிவிட்டார்கள் என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார். ஆனால் கூடத்துக்கு வந்து சம்பந்தியிடம் அதைச் சொல்ல முடியுமா? பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளை வீட்டில் குற்றம் கண்டுபிடிப்பதா? பிளக் சரியில்லை, மாற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டார். அவராகவே தான் கொடுத்த பொருளைச் சொத்தை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

அவர் போன பிறகு பரிபூரணம் கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அப்பாவின் வேர்வை வாசனை! மெஷின் கெட்டால் அப்பா வருவார். இதைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

அடுத்த தடவை அவளே சீமெண்ணெயில் நிப்பாட்டினாள். நிப்பாட்டிவிட்டு, யாரும் பார்த்தால் சந்தேகம் வரக் கூடாது என்று லிவரை மட்டும் பெட்ரோல் பக்கம் தள்ளி வைத்தாள். மறுநாள் மெஷின் படுத்துக்கொண்டது. போன் போனது, அப்பா வந்தார். அத்தைதான் தெரியாமல் அமர்த்தியிருப்பார்கள் என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். அவர் லிவரை ஒரு தடவை பார்த்தார், கிண்ணத்தைக் கழற்றி மோந்து பார்த்தார். கூடத்துக்குப் போய் இந்த முறையும் பிளக்கின் மேல் பழியைப் போட்டார்.

அப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. மாதம் ஒரு தடவை, பொறுக்க முடியாமல் போனால் இரண்டு தடவை. சீக்கிரம் முடிகிற வேலைக்கு அவர் மத்தியானம் பூராவும் எடுத்துக்கொண்டார். கிண்ணத்தைக் கழற்றுவார், பிளக்கை உப்புத்தாளால் தேய்ப்பார், ஃபில்டரைக் கழுவிக் காய வைப்பார். மாட்டியதைத் திரும்பக் கழற்றுவார். அப்பாவுக்கு வயசாகிவிட்டது, கை முன்னைப்போல் ஓடவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் அவர்கள் பேசினார்கள். தங்கக்கனி டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியது, மேல வீட்டுக்காரர் நாய் கடித்தது, அம்மாவின் நினைவு நாளுக்குச் சின்னவளே பணியாரம் சுட்டது, எல்லாம் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டு பேசியதுதான். மாம்பழக் காலத்தில் ஸ்பேனர்களுக்கு நடுவே பேப்பரில் சுற்றிச் சப்பட்டை மாம்பழம் கொண்டுவருவார். அங்கேயே கிணற்றடியில் வைத்துத் தின்றுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு உள்ளே போவாள். அதில் கொஞ்சம் கிரீஸ் வாடையும் அடிக்கும். அவளுக்கு அதுவும் பிடிக்கும்.

சண்முகத்தாய் சும்மா இருப்பாளா? வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. தெருவில் எந்த வாசலில் உட்கார்ந்தாலும் ஜெனரேட்டர் பேச்சுத்தான். ராஜபாளையத்துக்காரர் பழைய மெஷினுக்குப் பெயிண்ட் அடித்து ஏமாற்றிவிட்டார் என்று ஒரு நாள் சொன்னாள். மில்லில் கழித்துப் போட்டதைத் தூக்கி வந்துவிட்டார் என்று இன்னொரு நாள் சொன்னாள். தவசிமுத்து கொல்லையில் வேலை பார்க்கும்போதே கூடத்திலிருந்து அவர் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். அவர் தலை நிமிராமல் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். பரிபூரணத்துக்கு நெஞ்சு எரியும். இனி செய்யக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். இரண்டு வாரம் தாக்குப்பிடிப்பாள். அப்புறம் ராஜபாளையம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பும். தன் ஆசையை விட அப்பாவின் மானம் பெரிதாக அவளுக்குத் தெரியவில்லை என்பதுதான் நிஜம்.

தொண்ணூற்றொன்றில் தங்கக்கனிக்கு இடம் வந்தது. வ. புதுப்பட்டியில் தென்னந்தோப்பும் கிணறுமாக உள்ள தனுஷ்கோடி என்பவரின் மகன். பையன் கூட்டுறவு சொசைட்டியில் வேலை. தங்கக்கனியின் போட்டோவைப் பார்த்ததுமே பையனுக்குப் பிடித்துப்போய்விட்டது. எல்லாம் கூடி வந்த மாதிரிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் இளையவளை எடுப்பதற்கு முன்னால் மூத்தவளைக் கொடுத்த வீட்டில் போய் விசாரிப்பார்கள். கொடுக்கல் வாங்கலில் ஆள் எப்படி, சொன்னதைச் செய்தாரா என்று அங்கேதானே தெரியும்.

தனுஷ்கோடியும் அவர் சம்சாரமும் ஒரு சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கினார்கள். யார் என்று தெரிந்ததும் பரிபூரணத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. காப்பியை நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கச்சி நன்றாகச் சமைப்பாள், அதிர்ந்து பேச மாட்டாள் என்று கேட்காமலே சொன்னாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். சண்முகத்தாய்கூட அன்றைக்கு என்னவோ அடக்கமாகவே இருந்தாள். பத்திரிகையைத் தபாலில் அனுப்பிய கதையைக்கூட எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே போயிருந்தால் அவர்கள் எழுந்து போயிருப்பார்கள்.

கரண்ட் போய்விட்டது.

பரிபூரணம் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முந்தின ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்ததும் அவள் மெஷினைச் சீமெண்ணெயில் நிப்பாட்டியிருந்தாள். அப்பா வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. விருந்தாளி முன்னால் பெருமை காட்ட இதைவிட நேரம் கிடைக்காது என்று சண்முகத்தாய் மருமகளைக் கொல்லைக்கு விரட்டினாள். தானும் விளக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த அம்மாள், அந்த அம்மாளுக்குப் பின்னால் தனுஷ்கோடி.

பரிபூரணம் கயிற்றை இழுத்தாள். மெஷின் இருமிவிட்டு அடங்கியது. திரும்ப இழுத்தாள். கிளம்பாது என்று தெரிந்தே இழுத்தாள். அதைக் கிளப்ப அவளுக்குத் தெரியும். தையல் மெஷின் டிராயரில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது. கிண்ணத்துக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்திச் சீமெண்ணெயை வடித்துவிட்டுப் பிளக்கைத் துடைத்து மாட்டினால் போதும். அப்பா செய்வதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! ஆனால் இப்போது செய்தால், இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்று மாமியார் கேட்பாளே. அப்புறம் அப்பா எப்படி வருவார்? கை கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது, புத்தி அந்தத் திருகைத் தொடுவதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டே இருந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கப் போகவில்லை.

சண்முகத்தாய் இத்தனை நேரம் கட்டிவைத்திருந்த வாயை அவிழ்த்துவிட்டாள்.

“பாத்துக்கோங்க. வந்த நாள்ல இருந்து இது ரிப்பேருதான். அந்த அண்ணாச்சி குடுக்கதெல்லாம் குடுப்பாவ, நல்லதாக் குடுக்க மாட்டாவ.”

தனுஷ்கோடி மெஷினை ஒரு சுற்றுப் பார்த்தார். தோப்புக் கிணற்றுக்கு ஒரு ஆயில் இன்ஜினைச் சீராகக் கேட்கலாம் என்று அவர்கள் வீட்டில் பேச்சு இருந்ததாம்.

“கேட்டா வரும்போலதான் இருக்கு. ஓடணும்லா,” என்றார்.

நேரமாகிவிட்டது, பஸ் ஏற வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். அந்த அம்மாள் போகும்போது இவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பரிபூரணம் கயிற்றைப் பிடித்தபடியே கொல்லையில் நின்றாள். தன் தங்கச்சியின் வாழ்க்கையைத் தன் கையாலேயே அணைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஓடிப்போய் அவர்களை நிறுத்தி, மெஷினில் குறையில்லை, நான்தான் கெடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். தன்னைச் சுட்டாலாவது பொறுத்துக்கொள்ளலாம்.

போன் போய் அப்பா வந்தார். நடந்ததையெல்லாம் சண்முகத்தாய் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். புதுப்பட்டிக்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லியனுப்பியது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. காரணம் இப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு அவர் மெஷினைச் சீக்கிரம் முடித்துவிட்டார். கழற்றியதைத் திரும்பக் கழற்றவில்லை. ஊர்க்கதை எதுவும் பேசவில்லை.  கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போய், அடுத்த மாதம் புது மெஷின் கொண்டுவந்து இறக்கிவிடுவதாகச் சம்பந்தியிடம் சொன்னார். நாலு பேர் பார்க்க இறக்குவேன் என்றார். சண்முகத்தாய் முதல்முறையாக அவரை உட்காரச் சொன்னாள்.

சொன்னபடியே செய்தார். மில்லில் சேர்ந்த பணத்தில் லோன் போட்டாரோ, வீட்டுப் பத்திரத்தை வைத்தாரோ, அவளுக்குச் சொல்லவில்லை. ஒரு நல்ல நாள் பார்த்து, ஊர் நடமாடுகிற காலை நேரத்தில் வேன் வந்து நின்றது. முந்தினதைவிடப் பெரிய மெஷின். கூடவே சட்டையில் கம்பெனி பெயர் தைத்த ஒரு மெக்கானிக். புதுப்பட்டியிலிருந்து தனுஷ்கோடியையும் தவசிமுத்து கையோடு கூட்டி வந்திருந்தார். மெஷினை வாசலிலேயே வைத்து மெக்கானிக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தான். அது முதல் இழுப்பிலேயே கிளம்பி அமைதியாக ஓடியது. தனுஷ்கோடி அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இனி எந்த ரிப்பேர் என்றாலும் கம்பெனி ஆளே வீட்டுக்கு வந்து பார்ப்பார், ஒரு போன் போட்டால் போதும் என்று மெக்கானிக் சண்முகத்தாயிடம் விளக்கினான். தெருவே கேட்டுக்கொண்டு நின்றது.

புது மெஷினைக் கிணற்றடியில் வைத்துவிட்டுப் பழையதை எடுக்கத் தவசிமுத்து தனியாகக் கொல்லைக்கு வந்தார். பரிபூரணம் ஏற்கெனவே அங்கே நின்றாள். அவர் பழைய மெஷினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமலே பேசினார்.

“புதுசுல கை வச்சிராத தாயி. தங்கச்சி பொழப்பு இதுல இருக்கு.”

 எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். 

“லிவரு பெட்ரோல்ல நிக்கி, உள்ள சீமெண்ணெ கெடக்கு. ஒங்க அத்தைக்கு அம்புட்டு வெவரம் ஏது? நான் பிட்டரு வேல பாக்கேம்லா.”

ஆக எல்லாம் தெரிந்திருக்கிறது. இரண்டாவது தடவையிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் குறை சொன்னார். தெரிந்துதான் மாட்டியதைத் திரும்பத் திரும்பக் கழற்றினார். ஓட்டை மெஷின், ஏமாற்றுக்காரர், மில் கழிவு என்று கூடத்திலிருந்து வந்த பேச்சையெல்லாம், உங்கள் மருமகள்தான் கெடுக்கிறாள் என்ற ஒரு வார்த்தையில் அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் வர முடியாது. அவருக்கும் மகளைப் பார்க்க வேண்டியிருந்தது. தனக்கு மட்டும்தான் அந்த ஏக்கம் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

“பொறவு நீங்க எதுக்குப்பா வருவீய?” என்று கேட்டாள்.

 தவசிமுத்து பழைய மெஷினைத் தரையிலிருந்து தூக்கினார், திரும்ப வைத்தார். பிறகு மறுபடி தூக்கிக்கொண்டு, அவளைத் தாண்டி வாசலுக்கு நடந்தார். அவர் கை நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கனத்தை ஒரே கையில் கொண்டுபோனார்.

வாசலில் சண்முகத்தாய் அவருக்கு வெள்ளித் தம்ளரில் காப்பி கொடுத்தாள். அவளே தன் கையால் ஆற்றிக் கொடுத்தாள்.

“அண்ணாச்சிக்கு இனிமே இங்க அலைச்சல் இல்ல. எம்புட்டு நாளா பாவம்,” என்றாள். அதை மனதாரத்தான் சொன்னாள்.

அவர் நின்றபடியே குடித்துவிட்டுத் தம்ளரைத் திண்டில் வைத்தார். தனுஷ்கோடி வேனில் முன் சீட்டில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். ஐப்பசியில் நல்ல முகூர்த்தம் இருப்பதாக இருவரும் பேசிக்கொண்டார்கள். முகூர்த்தத்துக்கு நாங்கள் காரில் வந்து, சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுவோம் என்று சண்முகத்தாய் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். மருமகளையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

வேன் கிளம்பிப் போனது. பரிபூரணத்துக்கு அழுகை முட்டியது. புது மெஷின் வந்த வீட்டில் மருமகள் அழுதால் என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் அடக்கிக்கொண்டாள். தெருவில் உள்ள பெண்கள் எல்லாம் கொல்லைக்கு வந்து மெஷினைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இதுவாவது ஒழுங்காக ஓடுமா என்று ஒருத்தி கேட்டாள்.

“ஓடும்க்கா. இது நிக்கவே நிக்காது,” என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் காப்பி போட உள்ளே போனாள் பரிபூரணம்.